பத்திரம் செல்லும்; பங்கு?

வாப்பா மவுத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள் பெண்மக்கள் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். விடுதலைப் பத்திரம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். எவருடைய வற்புறுத்தலுமின்றி மனமொப்பித் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக அதில் கண்டிருக்கும். கையொப்பம், கைரேகை, சாட்சிகள், முடிந்தது. பின்னர் எவரேனும் கேட்டால் சகோதரர்களிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: “சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கிறது.”

இருக்கலாம். நம் கேள்வி அதுவன்று.

சட்டமும் அறமும் ஒன்றா வேறா என்பது சட்டத் தத்துவத்தில் நெடுங்கால வழக்கு. ஹிட்லரை ஏசிய கணவனைக் காட்டிக்கொடுத்து, அன்றைய நாஜிச் சட்டப்படியே அவனுக்கு மரண தண்டனை விதிக்கச் செய்த ஒரு ஜெர்மானியப் பெண்ணை முன்வைத்து, 1958இல் எச். எல். ஏ. ஹார்ட்டும் லான் ஃபுல்லரும் வாதிட்டனர். அத்தகைய சட்டத்தைச் சட்டமென்றே ஏற்க ஃபுல்லர் மறுத்தார். ஹார்ட் சட்டத்தையும் அறத்தையும் பிரித்தே வைத்தார். ஆயினும், செல்லுபடியாகும் ஒரு சட்டம் கீழ்ப்படியத் தகாத அளவு கொடியதாகவும் இருக்கலாம் என்றார். செல்லுபடியாவதே நியாயம் என்று இருவருள் எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வோர் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

நமக்கோ இது புதிய பாடமும் அன்று. சான்று ஏதுமற்ற ஒரு பழைய வாரிசுச் சொத்து வழக்குடன் இருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தனர். வாதத் திறனால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றால், அவர் பெறுவது நெருப்புத் துண்டே என எச்சரித்தார்கள் நபியவர்கள். தீர்ப்பளிப்பவர் அல்லாஹ்வின் தூதராகவே இருந்தும்! இருவரும் அழுதனர், என் உரிமை உனக்கே என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், பதிவு முத்திரை ஆக்கிவிடுமா?

“மனமொப்பி” என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். மனைவி மனமுவந்து விட்டுத்தந்த மஹரையே கணவன் அனுபவிக்கலாம் என்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம். கையெழுத்திடாவிட்டால் பிறந்த வீட்டின் வாசல் அடைபடும், பெருநாளுக்கு அழைக்க ஆளிருக்காது, கணவர் வீட்டில் ஒரு சொல் வந்தால் கேட்க நாதியிருக்காது என்ற அச்சத்தில் எழும் ஒப்புதலுக்கு மனமுவப்பு என்று பெயரா?

நிக்காஹ்வின்போது நகை போட்டோமே என்பார்கள். வாப்பா உயிரோடிருக்கையில் தந்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் மறைந்த பின்னரே பிறக்கிறது. ஒன்றை மற்றொன்றில் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. மகனைப் படிக்கவைத்த செலவை அவன் பங்கில் எவர் கழித்தார்?

ஊர் வழக்கங்கள் பெண்ணின் பங்கை மறுத்துவந்தமையால் அன்றோ 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது? அதில் விடுபட்ட விவசாய நிலத்தையும் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து சேர்த்தது. அந்த வழக்கத்தையே இன்று முத்திரைத்தாளில் எழுதிப் பதிவுசெய்கிறோம்.

சகோதரி உண்மையிலேயே விட்டுத்தர விரும்புகிறாள் என்கிறீர்களா? நல்லது. முதலில் பங்கை அளந்து, அவள் பெயரில் பட்டா மாற்றி, சாவியை அவள் கையில் கொடுங்கள். ஓராண்டு கழியட்டும். அதன் பின்னும் அவளாகவே முன்வந்து தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.