1967இல் எழுதிய உங்கள் உயில்

"உயில் எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்பா" என்பார் என் அத்தை. பாசிர் ரிஸ்ஸில் அவருக்கு ஒரு நாலறை வீவக வீடு இருந்தது. பாட்டியோடு கூட்டாக வாங்கியது, பாட்டி போனதும் முழுக்க இவர் பெயருக்கு வந்தது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட வேலை பார்த்த தோழி ஒருவர் பதினெட்டு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். நாங்கள் அவரைச் சின்னத்தை என்றுதான் கூப்பிடுவோம். கடைசி இரண்டு வருஷம் அத்தையைக் குளிப்பாட்டியது, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது, ராத்திரி கண்விழித்தது எல்லாம் சின்னத்தை. உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் தீபாவளிக்கு வந்து முறுக்கு தின்றுவிட்டுப் போனார்கள். மூவரில் ஒருவர் என் அப்பா.

அத்தை இறந்தார். வீடு விற்கப்பட்டு மூன்று பங்கானது. மத்திய சேமநிதி நியமனத்தில் பாட்டியின் பெயரே இருந்தது. அவர் முன்பே போய்விட்டதால் அந்தப் பணமும் பொது அறங்காவலர் வழியாக அதே மூவருக்குப் போனது. சின்னத்தை இப்போது ஈசூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

"நான் உயில் எழுதலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாருக்கும் ஓர் உயில் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால், உயிலின்றி இறந்தோருக்காக 1967இல் சிங்கப்பூர் இயற்றிய வாரிசுரிமைச் சட்டம்தான் உங்கள் உயில். அதை எழுதியவர்களுக்கு உங்களைத் தெரியாது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது அது. தோழி அதில் இல்லை. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர் இல்லை, முறைப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளையும் இல்லை. 377ஏ பிரிவை நீக்க 2022இல் நாடாளுமன்றம் வாக்களித்தபோது நம் நண்பர்கள் கொண்டாடினார்கள், நானும்தான். இந்த வரிசையில் மட்டும் அவர்களுக்கு இன்னும் இடமில்லை.

"எல்லாம் பொண்டாட்டிக்குத்தானே போகும்?" போகாது. பிள்ளை இல்லாமல் நீங்கள் போய், பெற்றோர் உயிரோடு இருந்தால் மனைவிக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டின் பங்காளிகள்! (இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்கள் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். அந்த ஒரு பங்கையும் எழுதாமல் விடும் நண்பர்கள் எனக்குண்டு.)

"வாயில வச்சுப் பேசினா பலிச்சிரும்." இதைச் சொல்பவர்கள் தேக்காவில் ஜாதகம் பார்த்து ஆயுள் கேட்கிறார்கள், ஆயுள் காப்புறுதிக்கு மாதாமாதம் கட்டுகிறார்கள். பேப்பரில் கையெழுத்துப் போட்டால் மட்டும் எமன் வந்துவிடுவானாம். ஜெயலலிதாவைவிட அதிக வழக்கறிஞர்கள் யாருக்கு வாய்ப்பார்கள்? 2016 டிசம்பரில் அவர் இறந்தபின் உயில் என்று எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவையும் தீபக்கையும் வாரிசுகள் என்று 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது. அதே மாதம் வேதா நிலையத்தைக் கையகப்படுத்த அரசு அவசரச் சட்டம் போட்டது. 2021 நவம்பரில் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. அந்த வீட்டில் பல ஆண்டுகள் உடனிருந்தவர் சசிகலா. அவரை உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். ஜெயலலிதா யாருக்குக் கொடுக்க நினைத்தார் என்பதை அவர் வாயால் இனி யாரும் கேட்க முடியாது.

"எழுதினாலும் சண்டைதானே, லீ குவான் இயூ வீட்டைப் பாரு." புத்திசாலிகளின் சாக்கு இது. ஆக்ஸ்லி சாலை வீட்டுக்காக அவர் பிள்ளைகள் 2017இல் ஊரறிய மோதிக்கொண்டார்கள், உண்மை. ஆனால் அப்பா என்ன விரும்பினார் என்பதுதான் அங்கே சண்டையின் பொருள். அத்தை என்ன விரும்பினார் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இளைஞர்களின் பல்லவி "எங்கிட்ட என்ன இருக்கு?" சேமநிதிப் பணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பலருக்குத் தானாகவே வந்துசேரும் சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டத்தில், 60 வயதுவரை இறப்புக்கு 70,000 வெள்ளி இருக்கிறது. எழுதுகிறவர் என்றால் பதிப்புரிமை இருக்கிறது. உங்கள் கவிதைகளை வாசித்தே பார்த்திராத அண்ணன், நீங்கள் போன பின் எழுபது வருஷத்துக்கு அதன் உரிமையாளர்களில் ஒருவர் ஆகலாம்.

இத்தனைக்கும் வேலை சின்னது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் இட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியானால் அவர் பங்கு போய்விடும். கல்யாணம் செய்தால் பொதுவாகப் பழைய உயில் ரத்தாகும், சேமநிதி நியமனமும்தான். சேமநிதிப் பணம் உயிலில் வராது, அதற்குத் தனி நியமனம் வேண்டும்.

போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன இப்ப அவசரம்?" என்றார். அத்தையின் பங்கில் வாங்கிய சோஃபாவில் சாய்ந்துகொண்டுதான் சொன்னார்.