பிடிவாதமா, நோயா?

ஊரிலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்த தாயார். சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "எனக்குச் சோறே போடவில்லை" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். மருமகள் சங்கிலியை எடுத்துவிட்டாள் என்கிறார். பொழுது சாய்ந்தால், "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கதவைத் திறக்கிறார். வேலை முடிந்து களைத்து வரும் மகன் என்ன நினைப்பான்? 'வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறார்' என்றுதான் நினைப்பான்.

இது பிடிவாதமாக இல்லாமல் நோயாக இருக்கலாம். மூளையைப் பாதிக்கும் மறதி நோயை டாக்டர்கள் 'டிமென்ஷியா' என்கிறார்கள். மறதி மட்டுமல்ல, சந்தேகம், ஆத்திரம், தூக்கமின்மை, அலைதல் ஆகியவையும் அதன் அறிகுறிகளே.

இரண்டு கணக்குகள்

2023ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. இது நோயாளிகளின் கணக்கு. அவர்களைக் கவனிப்பவர்களுக்கு நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்ற கணக்கும் எடுக்க வேண்டாமா?

கேரளத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2003ல் வெளியாயிற்று. கவனிப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் மருமகள்கள். நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்யும் காரியமாக எடுத்துக்கொள்ளும் போக்கு அவர்களிடம் காணப்பட்டது. அப்படி நினைத்தால் ஏச்சும் பேச்சும் வரும். பெரியவரும் நொந்து போவார். கவனிப்பவரும் நொந்து போவார்.

அளப்பது எப்படி?

கடினமான வேலை அல்ல. சில வாக்கியங்களைப் படித்துக் காட்டி, சரியா, தவறா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 2009ல் வெளியான இத்தகைய வினாத்தாளில் 30 வாக்கியங்கள் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டால், பலன் தெரிந்துவிடும்.

வாசகர்களும் சோதித்துப் பார்க்கலாம்:

1. கேட்டதையே திரும்பக் கேட்பது நம்மை எரிச்சலூட்டுவதற்காக.

2. நகை திருட்டுப் போகவில்லை என்று வாதாடி நிரூபித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

3. திடீரென்று குழப்பமும் கோபமும் அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்றே பொருள்.

மூன்றும் தவறு. கேட்டது அவர் நினைவில் நிற்பதில்லை. வாதாடினால் பதற்றம் கூடும். கூடவே தேடிப் பார்த்து, பேச்சை மாற்றுவதே நல்லது. திடீர் மாற்றத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து ஆகியவை காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நோயின் பெயரை அறிந்தவர்கூட இதில் தவறிவிடலாம். பெயரைத் தெரிந்துகொள்வது வேறு. நடத்தையைப் புரிந்துகொள்வது வேறு. வினாத்தாள் அளக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

கோவா காட்டிய வழி

உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாக அனுப்பி ஆலோசனை சொல்லும் திட்டம் கோவாவில் சோதிக்கப்பட்டது. 2008ல் வெளியான அதன் முடிவுகளின்படி, கவனிப்பவர்களின் மன வேதனை குறைந்தது. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

வீடுகளுக்கு வரும் சுகாதார ஊழியர்கள் ரத்த அழுத்தத்தை விசாரிப்பது போல, இந்தக் கேள்விகளையும் கேட்கலாம். ஆனால் அவை வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். வெளி மாநிலத்தில் பிழைக்கும் குடும்பத்துக்குத் தெரியாத மொழியில் கேட்டால், அளக்கப்படுவது மொழியறிவுதான், நோயறிவு அல்ல.

அதுவரை நாம் செய்யக் கூடியதும் உண்டு. பெரியவரின் பெயர், முகவரி, போன் நம்பரைக் கன்னடத்திலும் எழுதி, அவர் உடையில் தைத்துவிடுங்கள். வழி தவறினால் மொழி தெரியாத ஊரில் அதுதான் துணை. மனம் தளர்ந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை "சோறு போடவில்லை" என்று தாயார் சொன்னால், கோபம் வருவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். பேசுவது அவரல்ல, நோய்.