ஒளிக்குப் பின்னால் ஓர் அலை

கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள மூன்று கிலோமீட்டர் நீள எலக்ட்ரான் முடுக்கியின் இறுதி ஒரு கிலோமீட்டர், 2009இல் எக்ஸ் கதிர் உமிழும் கட்டற்ற எலக்ட்ரான் லேசராக மறுபிறவி எடுத்தது. அவ்வொளியைப் புகழ்வோர் பலர்; அதனை இயக்கும் நுண்ணலைக் குழாய்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இது முறையன்று என்பேன்.

ஜான் மேடி 1971இல் முன்மொழிந்த இக்கருவியில், நுண்ணலையால் உந்தப்பட்டு ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள், வடமுனையும் தென்முனையும் மாறிமாறி அமைந்த காந்த வரிசையினூடே நெளிந்து சென்று ஒளியை உமிழ்கின்றன. அவற்றின் ஆற்றல் ஒரு விழுக்காடு பிசகினால் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ இரு விழுக்காடு பிசகும். நுண்ணலை தடுமாறினால் லேசரும் தடுமாறும்.

முடுக்கியின் செப்பு அறைகள் 2856 மெகாஹெர்ட்சில் ஒத்ததிர்வன. செம்பு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அவ்வதிர்வெண் ஏறத்தாழ 48 கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிடும். நுண்ணலையை ஊட்டும் கிளிஸ்ட்ரான்களோ ஒரே அதிர்வெண்ணுக்குக் கட்டுண்டவை. எனவே நீரோட்டி, செம்பின் வெப்பநிலையை இம்மியும் பிசகாமல் காக்கின்றனர். ஆர்மோனியத்தின் சுருதிக்குப் பாடகர் தம் குரலை இழுத்துச் செல்வதைப் போன்றது இது. பாடகருக்கேற்பச் சுருதி சேர்ப்பதன்றோ இயல்பு?

அவ்வியல்பு வேறோரிடத்தில் நடைமுறையில் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சளிக்கும் முடுக்கிகள் பலவற்றில் மேக்னட்ரான் என்னும் குழாய் பயன்படுகிறது. வீட்டு நுண்ணலை அடுப்பில் இருப்பதும் இதன் உறவினரே. மருத்துவக் கருவியில் அதன் அதிர்வெண், அறையின் அதிர்வெண்ணைத் தானாகவே பின்தொடர்கிறது. ஆயினும் மேக்னட்ரானின் அலைக்கட்டம் துடிப்புக்குத் துடிப்பு சிதறுகிறது; லேசருக்கு அச்சிதறல் ஆகாது. நிலையான சிறு குறிப்பலை ஒன்றை உட்செலுத்தி அதனைக் கட்டிப்போடும் முறையை ஆய்வாளர்கள் அறிவர். ஆடிகளுக்கிடையே ஒளி உலவும் லேசரெனில், அதிர்வெண் மாறும்போது ஆடிகளின் இடைவெளியும் உடன் நகர வேண்டும். பணி எளிதன்று, பயனோ பெரிது.

கிலோமீட்டர் கணக்கில் நீளும் லேசர்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் சில மணி நேரம் பெறவே ஆய்வாளர்கள் விண்ணப்பித்துக் காத்திருக்கின்றனர். மேலும் ஒரு பெரிய கூடத்திற்குச் செலவிடும் முன், சுருதி சேர்க்கத்தக்க, விலை குறைந்த நுண்ணலைக் குழாயை உருவாக்குவதில் ஒரு பங்கையேனும் செலவிடுதல் தகும். அத்தகைய குழாய் கைகூடினால், அகச்சிவப்பு ஒளி தரும் சிறிய லேசரைப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று தன் கட்டடத்திலேயே இயக்கலாம். அங்குப் பயிலும் மாணவி காலையில் எண்ணியதை மாலையில் சோதித்துப் பார்க்கலாம்.