மீன் குஞ்சுக்கு நீச்சல் தெரியும், சரி

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பிள்ளை மீன்வளம் படிக்கிறது என்றால் உடனே ஒரு பழமொழி வந்து விழும்: ‘மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கணுமா?’ என் அண்ணன் மகள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இளநிலையில் சேர்ந்த அன்று கேட்டேன். முதுநிலைக்குப் போனபோது கல்யாணப் பந்தியில் கேட்டேன். ஆறு வருஷம் பொறுத்தாயிற்று.

முதலில், ‘நம்ம மாவட்டத்துல கடலே இல்லையே’ என்பது. 2019-இல் செங்கல்பட்டு பிரிந்ததோடு கடற்கரை போனது உண்மைதான். ஆனால் நாட்டின் மீன் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடலில் இருந்து வருவதில்லை. ஏரி, குளம், ஆறு, பண்ணைகளில் இருந்துதான் வருகிறது.

அடுத்து, ‘வேலை கிடைக்காது’. எந்தப் படிப்பைத்தான் இப்படிச் சொல்லவில்லை?

இனி அந்தப் பழமொழி. ஏரியில் மீன் தானாகப் பெருகுமாம், படிக்க ஒன்றுமில்லையாம். ஏரியைக் குத்தகை எடுத்தவரைக் கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஏரியில் கொழுத்து வளரும்; ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடாது. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு அள்ளிய காலத்தில் வேண்டாத மீனும் சேர்ந்தே வந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை இனங்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அவர் விலங்கியலில் முதுநிலை படித்தவர். இன்று ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் வந்து நம் ஏரியில் இறங்கும் குஞ்சுகள் அந்த ஊசியின் வழி வந்தவை.

குஞ்சு விட்டதோடு முடிந்ததா? கோடையில் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும். அதற்கு நீச்சல் நன்றாகத் தெரியும். தண்ணீரில் உயிர்வளி இல்லை. இரவெல்லாம் பாசி அதைக் குடித்துவிட்டது. இது தெரியாமல் மேலும் சாணத்தைக் கொட்டினால், மறுநாள் ஏரி வெள்ளையாக மிதக்கும். இதைத்தான் அந்தப் பெண் படிக்கிறாள். நீச்சலை அல்ல.

ஏரி வாரியத்தில் யார் உட்காரலாம், யார் கூடாது என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. அன்று நிலமும் வேதமும் தகுதி. இன்று தண்ணீரில் எது குறைகிறது என்று சொல்லத் தெரிவதே தகுதி.

அவள் ஊருக்கு வரும்போது, விடியும் முன் ஏரிக்கரைக்கு வாருங்கள். பழமொழியை அங்கே சொல்லுங்கள்.