சலூனில் இருந்த சிற்பி

எலைஜா பியர்ஸ் பற்றித் தேடிப் பாருங்கோ. அநேகமான இடங்களில் அறிமுகம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: சுயமாகக் கற்ற ஆபிரிக்க-அமெரிக்க நாட்டார் கலைஞர். பிழையான தகவல் இல்லை. ஆனாலும் அந்த 'சுயமாகக் கற்ற' என்ற சொல்லோட எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு.

பியர்ஸ் 1892இல் மிசிசிப்பியில், ஒரு தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் அடிமையாக இருந்து விடுதலையானவர். சின்ன வயதிலேயே பேனாக்கத்தியும் கையுமாகத் திரிந்த பொடியனுக்குத் தோட்டவேலை பிடிக்கவில்லை, முடிவெட்டப் பழகினார். 1920களில் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் குடியேறினார். மனைவி கொர்னேலியாவின் பிறந்தநாளுக்கு ஒரு சின்ன மர யானை செதுக்கிக் கொடுத்தாராம். அவவுக்கு அது நல்லாப் பிடித்துப்போக, ஒரு மிருகக்காட்சிசாலையே செய்து தாறன் என்றாராம். அதுக்குப் பிறகு அவருடைய கை ஓயவில்லை.

அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை புடைப்புச் சிற்பங்கள். பலகையில் உருவங்களைச் செதுக்கி, சாண்ட்பேப்பரால் தேய்த்து, பளிச்சென்ற நிறங்களில் பெயின்ட் அடிப்பார். சிலவற்றில் மினுமினுப்புத் தூளும் இருக்கும். ஓவியமா சிற்பமா என்று கேட்டால் இரண்டும்தான். பைபிள் கதைகள், மிருகங்கள், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், மார்ட்டின் லூதர் கிங், நிக்சன் என்று எல்லாம் அந்தப் பலகைகளில் வரும்.

அவருடைய சொந்த வாழ்க்கையும் வரும். 1956இல் செய்த ஒரு பலகையின் கதை இது: பைபிள் வாசிக்கவேண்டிய நேரத்தில் சியர்ஸ் கடையின் பொருட்பட்டியலை எடுத்தாராம், கடவுள் தொட்டதும் விழுந்துவிட்டாராம், வீட்டுக்காரர் செத்துப்போனான் என்றே நினைத்தார்களாம். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் கும்பலிடமிருந்து தான் தப்பியதைச் செதுக்கிய இன்னொரு பலகை இருக்கு. தெற்கில் இளைஞனாக இருந்தபோது, செய்யாத கொலைக்கு அவரைச் சந்தேகித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தெற்கில் ஒரு கறுப்பு இளைஞனைக் கும்பல் கொல்லுவதற்குச் சந்தேகம் மட்டுமே போதும். இரண்டு பலகையையும் செதுக்கியது ஒரே கை. பார்க்கிறவருக்குக் கதை உடனே பிடிபடவேண்டும் என்ற கவனம் இரண்டிலும் இருக்கு.

அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது? எனக்கு விளங்கின மட்டில், இரண்டு இடங்களிலிருந்து.

ஒன்று தேவாலயம். பியர்ஸ் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்றவர். இயேசுவின் வாழ்க்கையைப் பெரிய மரப் பக்கங்களில் செதுக்கி, 1930களில் ஒரு 'மரப் புத்தகம்' செய்தார். அதை அவரும் கொர்னேலியாவும் ஊர் ஊராகக் கொண்டுபோய், காட்டிக் காட்டிப் பிரசங்கித்தார்கள். எந்தக் காட்சியில் சனம் நிமிர்ந்து பார்க்குது, எதில் கொட்டாவி விடுது என்று நேரில் கண்டு பழகினவர் அவர்.

மற்றது சலூன். கொலம்பஸின் லோங் ஸ்ட்ரீட்டில், கறுப்பு மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதியில் அவருடைய கடை இருந்தது. இப்படியான கடைகளில் முடிவெட்டு மட்டும் நடக்காது. அரசியல், விளையாட்டு, ஊர்ப் புதினம் எல்லாம் அங்கதான் கதைபடும். வாடிக்கையாளர் வராத நேரத்தில் அவர் செதுக்குவார். வந்தவர்கள் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அவருடைய முதல் விமர்சகர்கள் அந்தக் கதிரையில் இருந்தவர்கள்தான்.

இப்படிக் கற்றவரைச் சுயமாகக் கற்றவர் என்கிறோம். கலைப் பள்ளிக்குப் போகாததைத்தான் அந்தச் சொல் குறிக்குது. ஆனால் 1892இல் மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்புப் பிள்ளைக்கு எந்தக் கலைப் பள்ளி திறந்திருந்தது? கதவைப் பூட்டிவைத்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டிய விசயத்தை, வெளியில் நின்றவரின் குணமாக மாற்றிச் சொல்கிறோம். அவருக்குக் கற்பித்த சமூகமும் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகுது.

இன்னொன்று, அவரிடம் மாணவரும் இருந்தார். 1970களின் கடைசியில் லெரோய் அல்மன் என்ற கலைஞர் அவரோடு கூட இருந்து வேலை பழகி, பிறகு ஜோர்ஜியாவில் தன் பாட்டில் செதுக்கினார். அங்க ஒரு பட்டறையே நடந்திருக்கு.

நியாயமாகச் சொன்னால், அந்த முத்திரையால் அவருக்கு நன்மையும் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஒகையோ அரசப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு சிற்பி அவருடைய வேலைகளைக் கண்டு கண்காட்சி வைக்க உதவினார். 1973இல் சாக்ரெப் நகரில் நடந்த வெகுளிக் கலைச் சந்திப்பில் முதல் பரிசு கிடைத்தது. 1982இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருதும் வந்தது. அந்த வகைப்படுத்தல் இல்லாமல் இவை நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் முதல் பரிசு வரும்போது அவருக்கு 81 வயது. 1984இல் காலமானார். கலையுலகம் அவரைக் 'கண்டுபிடிக்க' முதல் நாற்பது வருசமாக அந்தச் சிற்பங்களைப் பார்த்தவர்கள் இருந்தார்களே, அவர்களின் பார்வைக்குக் கணக்கில்லையா?

இப்போது அவருடைய வேலைகளின் பெரிய தொகுப்பு கொலம்பஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கு. இணையத்திலும் நிறையப் பார்க்கலாம். பாருங்கோ. படத்துக்குக் கீழே 'சுயமாகக் கற்றவர்' என்று இருந்தால், அந்த இடத்தில் 'தேவாலயத்திலும் சலூனிலும் கற்றவர்' என்று வாசித்துப் பாருங்கோ. அதுதான் சரியான தகவல்.