ரோஜா ஐஸ்க்ரீமில் ரோஜா எங்கே?

கடையில் ரோஜா ஐஸ்க்ரீம் கேட்டால் இளஞ்சிவப்பு நிறம் நிச்சயம் கிடைக்கும். ரோஜா கிடைக்குமா என்பது வேறு விஷயம். நிறத்துக்கு ஒரு சாயம், மணத்துக்கு சில துளி எசன்ஸ் இருந்தால் பூவே தேவையில்லை. அந்த நிறத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை 2024 பிப்ரவரி காட்டியது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் பஞ்சுமிட்டாயில் கலந்திருப்பது தெரிந்து, புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை போட்டது.

வீட்டில் செய்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் இதழ்களைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். பூவின் மணம் சட்டென்று ஆவியாகிவிடும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கும் பாலில் சமையலறை மணக்கும், ஐஸ்க்ரீம் மணக்காது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் காய்ச்சுபவர்கள் அந்த ஆவியைத் தப்பவிடாமல் குழாய் வழியே பிடித்துக் குளிரவைப்பது இதனால்தான். வீட்டில் அதற்கு வசதியில்லை. ஆனால் சர்க்கரையும் பால் கொழுப்பும் மணத்தைப் பிடித்துவைக்கும். குல்கந்து பிறந்த ரகசியம் இதுதான்.

பூங்கொத்துக் கடை ரோஜா இதற்கு உதவாது. பல நாள் வாடாமல் நிற்பதற்காக வளர்க்கப்பட்ட அதற்குப் பெரும்பாலும் மணமே கிடையாது, மருந்து தெளித்திருப்பார்கள். சில பூச்சிமருந்துகள் செடிக்குள்ளேயே ஊறிவிடுவதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. வேண்டியது மருந்து படாத பன்னீர் ரோஜா. இதழ்களை அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, அதே எடை சர்க்கரையுடன் கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, இரண்டு மூன்று வாரம் வெயிலில் வைத்தால் குல்கந்து தயார். கிளறும் கரண்டியில் துளி ஈரமும் கூடாது.

இனி ஐஸ்க்ரீம். 1 லிட்டர் கொழுப்பு நிறைந்த பாலைப் பாதியாகச் சுண்டவைத்து, 50 கிராம் சர்க்கரை சேர்த்து, நன்றாகக் குளிரவிட வேண்டும். அதன் பிறகே 100 கிராம் குல்கந்தும், சமையலுக்கான பன்னீர் 2 டீஸ்பூனும். சூடாக இருக்கும்போது சேர்த்தால் மணம் போகும், பால் திரியவும் கூடும். கடைசியாக 200 மில்லி க்ரீமை நுரைக்க அடித்துக் கலக்கலாம். 25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண க்ரீம் சரியாக நுரைக்காது. 35 சதவீதமாவது வேண்டும். கிடைக்காவிட்டால் அப்படியே கலந்துவிடலாம், குல்ஃபி மாதிரி கெட்டியாக வரும். உறையவைக்கும் முன் ருசி பார்த்தால் கொஞ்சம் தித்திப்பு தூக்கலாகவே இருக்க வேண்டும். குளிரில் இனிப்பும் மணமும் மங்கிவிடும்.

ஃப்ரீஸரில் வைத்த முதல் மூன்று மணி நேரம், மணிக்கொரு தரம் எடுத்து அடித்தால் ஐஸ் கட்டிகள் பெரிதாகாமல் மென்மையாக வரும். ஃப்ரீஸர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 3 பங்கு உடைத்த ஐஸுக்கு 1 பங்கு கல் உப்பு சேர்த்தால் குளிர் பூஜ்யத்துக்கும் சுமார் 20 டிகிரி கீழே இறங்கும். குஜராத்தில் 'சஞ்சா' எனப்படும் மரவாளியில் கையால் சுற்றி ஐஸ்க்ரீம் எடுப்பது இந்த உப்பின் பலத்தில்தான்.

மல்லிகைக்கு வெயில் வேண்டாம், இரவு போதும். அது மாலையில் மலர்ந்து இரவில் மணப்பது. வீட்டுச் செடியின் மொட்டுகளைக் குளிர்ந்த க்ரீமில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து வடிகட்டினால் மணம் க்ரீமில் இறங்கியிருக்கும். கடையில் விற்கும் மல்லிகைச் சரம் தலைக்குத்தான், வாய்க்கு அல்ல. தாழம்பூ மணம் விரும்புபவர்களுக்கு ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டம் பேர்போன கேவ்டா நீர் இருக்கிறது. ஒரு டீஸ்பூனே அதிகம்.

சாமிக்குப் போடும் பூவெல்லாம் சாப்பிடும் பூவல்ல. அரளியின் இலை, பூ, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் அரளியைத் தின்றதால் ஓர் இளம்பெண் இறந்ததாகச் சந்தேகம் எழுந்ததும், திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிக்கு இடமில்லை என்று அறிவித்தது. ஐஸ்க்ரீம் கிண்ணத்தின் மேல் அழகுக்காக ஒரு பூவைச் செருகுபவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது. குழந்தைகள் அதையும் சேர்த்தே தின்பார்கள்.

கடைசியில் கிண்ணத்தில் இருப்பது பளீரென்ற சிவப்பல்ல, லேசாகப் பழுப்பேறிய வெள்ளை, நடுநடுவே கருஞ்சிவப்பு இதழ்த் துணுக்குகள். பார்த்தவுடன் குழந்தைகள் முகம் சுளிக்கலாம். முதல் ஸ்பூன் உள்ளே போகட்டும்.