இரண்டு சீட், ஒரு டிக்கெட்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒன்பதாம் வகுப்பில் என் பீரியடில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம். கணக்கு வருகிற இடத்தில் மட்டும் எழுந்துகொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. விமானத்துக்குள் ஒரு பருமனான மனிதர், பாதி உடம்பு நடைபாதையில் தெரிய உட்கார்ந்திருக்கிறார். யார் எடுத்த படமோ, அவரிடம் கேட்டா எடுத்திருப்பார்கள்? கீழே, "இவருக்கெல்லாம் ரெண்டு டிக்கெட் போடணும்" என்று ஒருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்தக் குழுவில் என் மதினியும் இருக்கிறார் என்பது சிரித்தவர்களுக்கு மறந்துவிட்டது.

மதினியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூட்டுவாதத்துக்குப் பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். அதில் போட்ட உடம்பு இறங்கவில்லை. நடையும் குறைந்துவிட்டது. டொராண்டோவில் மகளுக்குப் பிரசவம். போகவேண்டும் என்று ஆசை. ஒரு விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, சீட்டுக்குள் உட்கார முடியுமா தெரியவில்லையே, என்ன செய்வது என்று கேட்டோம். பக்கத்து சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், முழுக் கட்டணம் என்றார்கள். காசு ஒரு பக்கம். "பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருபது மணி நேரம் என்னால உக்கார முடியாது தம்பி, நான் வரலைன்னு சொல்லிரு" என்றார். பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. வீடியோவில்தான் பார்க்கிறார்.

இந்த விஷயத்தில் உலகத்தில் எந்த நாடாவது ஒழுங்காக யோசித்திருக்கிறதா என்று தேடினேன். யோசித்திருக்கிற நாடு, வேடிக்கையைப் பாருங்கள், மகள் இருக்கும் அதே கனடாதான்.

அங்கே 'ஒரு நபர், ஒரு கட்டணம்' என்று ஒரு கொள்கை இருக்கிறது. 2008 ஜனவரியில் கனடியப் போக்குவரத்து ஆணையம் கொடுத்த தீர்ப்பு அது. ஏர் கனடா, ஏர் கனடா ஜாஸ், வெஸ்ட்ஜெட் ஆகியவற்றுக்கு உத்தரவு. உடல் குறைபாட்டால் பயணத்தில் உதவியாள் தேவைப்படுபவருக்கும், உடல் பருமனே குறைபாடாகி ஒரு சீட்டுக்குள் அடங்க முடியாதவருக்கும், உள்நாட்டு விமானத்தில் இரண்டாவது சீட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. கிடைக்கவில்லை. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இது ஒரே நாளில் வந்த கருணை இல்லை. கல்கரி நகரத்து லிண்டா மெக்கே-பானோஸ் என்ற பெண் 1997-ல் ஒட்டாவா போய்வந்த விமானப் பயணத்தில் பட்ட அவதியைப் புகாராக்கினார். பருமன் எப்படி உடல் குறைபாடாகும் என்ற கேள்வியிலேயே வருஷங்கள் ஓடின. 2006-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. இரண்டு சீட் வழக்கைத் தொடுத்தவர்கள் வேறு. மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் அமைப்பும் 2002-ல் போட்ட வழக்கு. உதவியாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாதவரிடம் உதவியாளுக்கும் டிக்கெட் வாங்கு என்றால், அவருக்கு மட்டும் ஊர் இரண்டு மடங்கு தூரமாகிவிடுகிறதே என்பது அவர்கள் வாதம்.

இப்போது எழுந்துகொள்ளுங்கள், கணக்கு.

இதைச் செய்தால் கம்பெனி தாங்குமா என்று ஆணையம் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஏர் கனடாவுக்கு வருஷத்துக்குச் சுமார் 70 லட்சம் டாலர் செலவு. பயமாக இருக்கிறதா? அந்தக் கம்பெனிக்குப் பயணிகளிடமிருந்து வந்த வருமானம் 820 கோடி டாலர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.09 சதவீதம். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பரப்பினால் 77 சென்ட். வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். 77 சென்ட் என்றால் நம் காசுக்கு ஏறக்குறைய ஐம்பது ரூபாய். விமான நிலையத்துக் காபி இதைவிட விலை.

ஒரு மனிதர் தலையில் வைத்தால் பயணத்தையே நிறுத்திவிடுகிற பாரம், எல்லார் தலையிலும் பரப்பினால் ஒரு காபிக்கும் குறைவு. இதற்கு மேல் எனக்கு வாதம் தேவையில்லை. ஆனாலும் என் பழைய மாணவர் ஒருவர், பெங்களூரில் பெரிய வேலையில் இருப்பவர், போனில் மடக்கினார். "சார், எரிபொருள் எடைக்குத்தானே செலவாகுது? நான் ஜிம்முக்குப் போய் உடம்பைக் குறைச்சு வச்சிருக்கேன். நான் ஏன் அடுத்தவருக்குக் கொடுக்கணும்?"

நல்ல கேள்வி. எடைக்குக் காசு வாங்கியவர்களும் உண்டு. 2013-ல் சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் கிலோவுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டு உலகச் செய்தியானது. மற்றவர்கள் யாரும் அப்படி வாங்குவதில்லையே! இரண்டு வயது முடிந்த குழந்தை பன்னிரண்டு கிலோ இருக்கும், அதற்கும் தனி சீட். நூறு கிலோ பயில்வானுக்கும் அதே ஒரு சீட். ஆக, வாங்குவது எடைக்கு இல்லை, இடத்துக்கு.

"அப்படியானால் ரெண்டு இடத்துக்கு ரெண்டு காசுதானே சார்?" என்பார் அவர், எனக்குத் தெரியும், பரீட்சையிலும் விடமாட்டார். அந்த இடத்தின் அளவை முடிவு செய்தது யார் தம்பி? அமெரிக்காவில் பயணிகள் சங்கம் ஒன்று போட்ட வழக்கில் 2017-ல் தீர்ப்பு வந்தது. சீட்டின் அகலம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதினெட்டரை அங்குலம் இருந்தது, பதினேழாகிவிட்டது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் 35 அங்குலம் இருந்தது 31 ஆகி, சில விமானங்களில் 28-க்கு வந்துவிட்டது. இது சங்கம் கொடுத்த கணக்கு. சுருங்கிக்கொண்டே போகும் சீட்டின் வழக்கு என்று நீதிபதியே தீர்ப்பில் பெயர் சூட்டினார். 2018-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம், குறைந்தபட்ச அளவு ஒன்றை ஒரு வருஷத்துக்குள் நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. கெடு தாண்டியது, அளவு வரவில்லை. ஆபத்தில் எல்லாரும் எவ்வளவு நேரத்தில் வெளியேறுவார்கள் என்று சோதனை நடத்தினார்கள். அதில் அறுபது வயது தாண்டியவர்களும் இல்லை, ஊனமுற்றவர்களும் இல்லை. திடகாத்திரமானவர்களை வைத்து எடுத்த மார்க்கை வகுப்பு முழுவதற்கும் போட்டால் நான் ஒத்துக்கொள்வேனா?

பக்கத்து சீட்காரரின் கஷ்டத்தையும் நான் மறக்கவில்லை. அவரும் முழுக் காசு கொடுத்தவர். கால் வாசி இடம் போய், தோளைச் சுருக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் ஏன் பக்கத்தில் கூனிக் குறுகி இருப்பவர் மேல் பாய்கிறது? அவருக்கு இன்னொரு சீட் கொடுத்துவிட்டால் இவருக்கும் நிம்மதி. இரண்டு பேரையும் மோதவிட்டுவிட்டு, சீட்டைச் சுருக்கியவர் மேலே இருந்து வேடிக்கை பார்க்கிறார்.

கனடாவிலும் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதில்லை. கால் நீட்ட வசதியாக இருக்கும் என்பவருக்குக் கிடையாது. பருமனாக இருந்தாலும் ஒரு சீட்டில் உட்கார முடிகிறவருக்கும் கிடையாது. துணைக்கு ஆள் வந்தால் நன்றாக இருக்குமே என்பவருக்கும் கிடையாது. சரிதான். குறை ஒன்று உண்டு: அந்தத் தீர்ப்பு உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். டொராண்டோவிலிருந்து வான்கூவர் போனால் மதினிக்குப் பக்கத்து சீட் இலவசம். சென்னையிலிருந்து டொராண்டோ போக இல்லை.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பல வருஷம் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தது. இரண்டாவது சீட்டுக்குக் கட்டிய காசை, விமானம் நிரம்பியிருந்தாலும் திருப்பிக் கொடுக்கும். 2026 ஜனவரி 27 முதல் மாற்றிவிட்டார்கள். முன்பே வாங்கவேண்டும், விமானத்தில் ஒரு சீட்டாவது காலியாக இருந்தால்தான் காசு திரும்பும். சட்டத்தில் இல்லாத நல்ல மனசு அவ்வளவுதான், கம்பெனி நினைத்தால் போய்விடும். அதனால்தான் சட்டமாக வேண்டும் என்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சண்டை சீட்டுக்குக்கூட வரவில்லை, ஏற்றுவார்களா என்பதிலேயே நிற்கிறது. 2012-ல் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்பவரை, கொல்கத்தாவில் கோவா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்பைஸ்ஜெட் இறக்கிவிட்டது. மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 2016-ல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022-ல் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறன் குழந்தையை இண்டிகோ ஏற்ற மறுத்து, ஐந்து லட்சம் அபராதம் கட்டியது. அதன் பிறகுதான், ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, உடல்நிலையில் சந்தேகம் இருந்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியைத் திருத்தியது. காசு கட்டினால் பக்கத்து சீட் தரும் நிறுவனங்கள் இங்கே உண்டு. காசில்லாமல் கொடுக்கச் சொல்லும் விதி இல்லை.

இத்தனைக்கும் இது நமக்குப் புது யோசனை இல்லை. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் 75 சதவீதம் சலுகை. கூட வருகிறவருக்கும் அதே சலுகை. துணையும் அந்தப் பயணத்தின் பகுதி என்று ரயில்வே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகாயத்தில் ஏறியவுடன் அந்த நியாயம் எங்கே போகிறது?

கழிப்பறை விஷயம் தனிக்கதை. ஒற்றை நடைபாதை விமானங்களில் சக்கர நாற்காலிக்காரர் உள்ளே போகும்படி கழிப்பறை வேண்டும் என்று அமெரிக்காவில் 2023-ல்தான் விதி வந்தது. அதுவும் 2033-க்குப் பிறகு ஆர்டர் செய்யும், 2035-க்குப் பிறகு டெலிவரி ஆகும் விமானங்களுக்கு. அதுவரை? போலியோவில் இரண்டு காலும் போன என் மாணவர் ஒருவர் டெல்லி போகிற அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது சில. பெல்ட் எட்டாவிட்டால் ஏறும்போதே விமானப் பணிப்பெண்ணிடம் மெதுவாக எக்ஸ்டென்ஷன் பெல்ட் கேளுங்கள், காசு கிடையாது. நடைபாதை ஓரத்துக் கைப்பிடி பல சீட்டுகளில் மேலே தூக்கும், விசை அடியில் ஒளிந்திருக்கும், அவர்களையே தூக்கித் தரச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி, உதவி எதுவானாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, சொன்னதை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

விமான நிறுவனங்களில் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் வேலை பார்க்கிறீர்கள். சென்னை–டொராண்டோ வழியில் இரண்டாவது சீட்டுக்கு யார் குறைவாக வாங்குகிறார்கள், காலி இருந்தால் யார் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து இங்கே எழுதுங்கள். தனியாகச் சொல்லவேண்டுமென்றால் போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு மேல், மதியம் தூங்குவேன்.